தலைக்குத் தண்ணீர் வார்த்த பின்னரான நாட்கள்: அம்மன் ஆலய வண்ணக்கர்மாருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கண்ணகி அம்மனுக்கும் மாரியம்மனுக்கும் ஆண்டுதோறும் சடங்கு நடத்துகின்ற ஆலயங்களை நிர்வகிக்கும் மதிப்புக்குரிய வண்ணக்கர்மாருக்கும், பூசை செய்யும் கட்டாடியார்மாருக்கும் கப்புகனார்மாருக்கும் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

வைகாசி பிறக்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. எந்தக் குடிக்கு எந்த நாட்சடங்கு, சடங்கின் நிறைவில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திக்கு யார் பாடுவது, பந்தல் யார் பொறுப்பு என்று ஊர்க்கூட்டங்களில் நீங்கள் பேசி முடிவெடுக்கின்ற காலம் இது. அந்தக் கூட்டத்தில் அரை மணித்தியாலத்தை நான் கீழே எழுதும் விடயத்துக்காக ஒதுக்கித் தர வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். விடயம் சின்னமுத்து (தட்டம்மை), குறிப்பாக, ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளைக்குச் சின்னமுத்து வந்து, முத்து இறங்கி, தலைக்குத் தண்ணீர் வார்த்த பின்னர் வருகின்ற நாட்கள்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்றவள். சடங்கு வீட்டில் பிறந்தவள். வைகாசி பிறந்தால் என் அம்மம்மா வீட்டுக்குள் மச்சம் (மீன், இறைச்சி) ஏற்றமாட்டார். சடங்குக்காகக் கோயில் கதவு திறக்கும் நாளிலிருந்து குளிர்த்தி முடியும்வரை எங்கள் அடுப்பில் தாளிதச் சத்தம் கேட்காது. சுகாதாரத் திணைக்களத்துக்கு எழுத வேண்டியதை ஏன் கோயிலுக்கு எழுதுகிறீர்கள் என்று என் மகள் கேட்டாள். நான் வேலை செய்த காலமெல்லாம், ஒரு வீட்டில் பிள்ளைக்கு முத்துப் போட்டால் அந்தச் செய்தி முதலில் போய்ச் சேர்ந்த இடம் கோயில்தான்; எனக்கு அது இரண்டு மூன்று நாட்கள் கழித்தே வந்து சேரும். தாய்மார் என் சொல்லைக் கேட்டார்கள், ஆனால் உங்கள் சொல்லுக்கு அடங்கினார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊர்களில் அம்மாள் வருத்தம் என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் அடங்கியிருந்தன. ஊரை வெறுமையாக்கிய வைசூரி அவற்றில் ஒன்று. அது தடுப்பூசியால் உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டுவிட்டதாக 1980ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. நீர் கோத்த கொப்புளங்கள் எழும்புகின்ற கொப்பளிப்பான் இன்னொன்று. காய்ச்சலும் இருமலும் முன்னே வர, செந்நிறத் தடிப்பு முகத்தில் தொடங்கி உடல் முழுவதும் இறங்குகின்ற சின்னமுத்து மற்றொன்று. ‘சின்ன’ என்ற அந்த அடைமொழியால் இது இலேசான நோய் என்ற எண்ணம் பலருக்கு உண்டாகிவிடுகிறது. இன்று நம் ஊர்களில் அம்மாள் வருத்தம் என்று சொல்லப்படுபவற்றுள் சிறு பிள்ளைகளின் உயிருக்கு மிகவும் ஆபத்தானது இதுதான்.

நம் முன்னோர் வகுத்த ஒழுங்கைக் குறைசொல்ல நான் வரவில்லை. படலையில் வேப்பிலை கட்டுவதும், அந்தக் கொத்தைக் கண்டதும் கைக்குழந்தையோடு வந்த தாய் திரும்பிப் போவதும், வைத்தியசாலைகள் தனிமைப்படுத்தல் என்று சொல்கின்ற அதே காரியம்தான். வெளிச்சம் கண்ணைக் குத்துகின்ற இந்த நோயில் பிள்ளையை இருட்டறையில் கிடத்துவது அதற்குப் பெரிய ஆறுதல். இளநீரும் கஞ்சியும் கொடுப்பது நல்லது. வீட்டில் சண்டை சச்சரவு கூடாது, பிள்ளையின் அருகில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதிகளைப் போல நோயாளியைப் பேணும் நல்ல விதிகள் வேறு எங்கும் உண்டோ தெரியாது. ஆனால் முத்து இறங்கி, வேப்பிலையும் மஞ்சளும் இட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரைத் தலைக்கு வார்த்தவுடன் வருத்தம் முடிந்தது என்று அந்த ஒழுங்கு கணக்கை மூடிவிடுகிறது. சின்னமுத்தில் அந்தக் கணக்கு பிழைக்கிறது.

நோய் போகும் வழியைச் சொன்னால் இது விளங்கும். வைரசு தொற்றிப் பத்து நாள் வரைக்கும் பிள்ளையில் ஒன்றும் தெரியாது. பிறகு கடுங்காய்ச்சல், தடிமன், வறட்டு இருமல், சிவந்து நீர் வடியும் கண்கள். கன்னத்தின் உட்புறத்தில், கடைவாய்ப் பற்களுக்கு நேரே, உப்புப் பரல் சிதறினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றும். இதைப் பார்க்கத் தெரிந்தவர் முத்து வருமுன்னரே நோயை இனங்கண்டுவிடுவார். மூன்று நான்கு நாட்களில் காதின் பின்புறத்திலும் நெற்றி முடியோரத்திலும் முத்துத் தொடங்கி, முகம், மார்பு, கைகால் என்று கீழ்நோக்கி இறங்கும். சிக்கல் ஏதும் இல்லாத பிள்ளையாயின், முத்துக் கண்ட மூன்றாம் நான்காம் நாளில் காய்ச்சல் தணிய வேண்டும். ஐந்தாறு நாளில் முத்து ஏறிய ஒழுங்கிலேயே மங்கி, தோல் தவிடுபோல் உரியும். அந்த நாட்களில் காய்ச்சல் இறங்காமல் நின்றாலோ, இறங்கிய காய்ச்சல் திரும்பி ஏறினாலோ, நோய் வேறோர் உறுப்பில் கைவைத்துவிட்டது என்பதே அதன் பொருள். அம்மாள் இறங்குகிறாள் என்று வீடு ஆறுதல் அடைந்து, தண்ணீர் வார்க்க நாள் பார்க்கின்ற நாட்களும் அவையேதான்.

1999, 2000ஆம் ஆண்டுகளில் சின்னமுத்து நாடெங்கும் பரவியபோது நடந்த ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். ஒன்றரை வயது ஆண் பிள்ளை. இடம்பெயர்ந்து அலைந்ததில் ஒன்பதாம் மாத ஊசி தவறிப்போயிருந்தது. நான் அந்த வீட்டுக்குப் போனபோது முதல் தண்ணீர் வார்த்து முடிந்திருந்தது. முத்து மங்கிவிட்டது, பிள்ளை நல்லாய் நித்திரை கொள்கிறது என்று பாட்டி சொன்னார். போய்ப் பார்த்தால் அது நித்திரை இல்லை, சோர்வு. மூச்சை எண்ணினேன், ஒரு நிமிடத்தில் அறுபதைத் தாண்டியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே இழுபட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். மூன்றாம் தண்ணீர் வார்க்குமுன் பிள்ளையைப் படலை தாண்டக் கொண்டுபோனால் அம்மாளுக்குக் கோபம் வரும், கோயில் விதி அது, என்று வீட்டில் மூத்தவர் ஒருவர் சொன்னார். நான் மேற்கொண்டு வாதாடவில்லை. சடங்கு வீட்டுப் பிள்ளையான எனக்கும் உள்ளூரப் பயம் இருந்தது. மண்முனையில் அப்போது பாலம் இல்லை. பாதை என்கின்ற மிதவையில்தான் வாவியைக் கடக்க வேண்டும், இருட்டினால் அதுவும் இல்லை. மறுநாள் விடிய, மூச்சு முட்டிய பின்னர்தான் பிள்ளையைத் தூக்கினார்கள். பாதை அக்கரை சேருமுன் மூச்சு நின்றுவிட்டது.

பிள்ளையின் எட்டாம் நாள் சடங்கு கழிந்ததும் நான் அந்த ஊர்க் கட்டாடியாரைக் கண்டு, இப்படி ஒரு விதி உண்டா என்று கேட்டேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்று பின்னேரமே கொண்டுபோகச் சொல்லியிருப்பேனே பிள்ளை, பிள்ளையைச் சாகவிடச் சொல்லும் தாயா அவள்?” என்றார். அவரிடம் கேட்க எனக்குத் தோன்றாமற்போனது என் பிழை. அதை இருபத்தைந்து ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். ஆனால் உங்கள் வாயிலிருந்து வராத ஒரு விதி உங்கள் பெயரால் ஊரில் உலவுகிறது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். இந்த மடலின் மையம் அதுதான். அந்த விதி இல்லை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாங்கள் எத்தனை தடவை சொன்னாலும் அது எடுபடாது.

அந்தப் பிள்ளையைக் கொண்டுபோனது நியூமோனியா. சின்னமுத்து வந்த சிறு பிள்ளைகளில் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு அது வருகிறது. சின்னமுத்தால் இறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோரின் மரணத்துக்குக் காரணமும் அதுவே. வைரசு மூச்சுக்குழாயின் உட்படலத்தை அரித்து, உடலின் எதிர்ப்புச் சக்தியையும் தளர்த்திவிடுவதால், வேறு கிருமிகள் நுரையீரலுக்குள் எளிதாக இறங்கிவிடுகின்றன. சின்னமுத்துக்கு ஆஸ்பத்திரியில் மருந்தில்லையே, அங்கே கொண்டுபோய் என்ன பயன் என்று பலர் கேட்பார்கள். அந்த வைரசைக் கொல்லும் மருந்து இல்லை என்பது உண்மை. பின்னால் வருகின்ற நியூமோனியாவுக்கு மருந்து இருக்கிறது, ஒட்சிசன் இருக்கிறது, வயிற்றோட்டத்தால் வற்றிப்போன பிள்ளைக்குச் சேலைன் இருக்கிறது. தாய்மார் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு கணக்கும் உண்டு. பிள்ளை அழாமல் கிடக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரையான பிள்ளைக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால், தண்ணீர் வார்த்தாயிற்றா இல்லையா என்று பார்க்காமல் புறப்பட வேண்டும். விலா இழுத்தால் எண்ணிக்கொண்டும் இருக்க வேண்டாம்.

காதில் சீழ் வடிதல் பத்தில் ஒரு பிள்ளைக்கு நேர்கிறது. கவனியாமல் விட்டால் கேட்கும் திறன் குறைந்து, பள்ளிக்கூடத்தில் அது மந்தப் பிள்ளை என்று பெயர் எடுக்கும். வயிற்றோட்டமும் ஏறக்குறைய அதே அளவில் வரும். அதற்கு ஜீவனியும் (வாய்வழி நீரேற்றக் கரைசல்) தாய்ப்பாலும் நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். முத்துக் கண்டு ஒரு வாரம் அளவில், ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு மூளையழற்சி வரும்: திரும்பிவந்த காய்ச்சல், வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாத மயக்கம். அதில் தப்புகின்ற பிள்ளைகளிலும் சிலருக்குச் செவிப்புலன் போய்விடும், சிலருக்கு அறிவு வளர்ச்சி தடைப்படும். வசதியான நாடுகளிலேயே நோய் வந்த ஆயிரம் பிள்ளைகளில் ஒன்று முதல் மூன்று வரை இறக்கின்றன. நிறை குறைந்த, விற்றமின் ஏ போதாத பிள்ளைகள் உள்ள இடங்களில் அது பல மடங்கு கூடுகிறது. படுவான்கரையில் எத்தனை பிள்ளைகளின் நிறைக்கோடு கிளினிக் கொப்பியில் சிவப்பை நோக்கி இறங்கியது என்பதை என் கையால் குறித்தவள் நான்.

கண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது வீட்டுக்குள்ளேயே தடுக்கக்கூடியது. சின்னமுத்து உடலில் உள்ள விற்றமின் ஏ-யை வேகமாகக் கரைத்துவிடுகிறது. ஏற்கனவே குறைவாக இருந்த பிள்ளைக்குக் கருவிழி வறண்டு, புண்ணாகி, ஒரு சில நாட்களிலேயே பார்வை போய்விடலாம். அதனால்தான் உலக சுகாதார ஸ்தாபனம் சின்னமுத்து வந்த பிள்ளைகளுக்கு அடுத்தடுத்த இரண்டு நாட்களில் விற்றமின் ஏ கொடுக்கச் சொல்கிறது: ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் 2 இலட்சம் அலகு, ஆறு முதல் பதினொரு மாதப் பிள்ளைக்கு 1 இலட்சம், அதற்கும் குறைந்த குழந்தைக்கு 50 ஆயிரம். கண்ணில் குறை தெரிந்தால் சில வாரங்களின் பின் மூன்றாவது தடவையும் கொடுக்க வேண்டும். இந்த அளவைச் சுகாதாரப் பணியாளர் கொடுக்க வேண்டுமேயன்றி வீட்டில் தாமாகக் கொடுக்கலாகாது. பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால் அந்த இரண்டு குளிசையும் அதன் வாய்க்கு வந்து சேராது. அதோடு, சிவந்த கண்ணில் இலைச்சாறு பிழிவதையும் தாய்ப்பால் விடுவதையும் முற்றாக நிறுத்த வேண்டும். புண்பட்ட கருவிழியில் கிருமி புகுவதற்கு அதைவிடக் குறுக்குவழி இல்லை. கொதித்தாறிய நீரில் நனைத்த சுத்தமான துணியால் பீளையைத் துடைத்தால் போதும்.

உணவைப் பற்றியும் உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. அம்மாள் வீட்டில் மச்சம் கூடாது, முட்டை கூடாது என்பதோடு, பப்பாசியும் மாம்பழமும் சூடு என்று அவையும் விலக்கப்படுகின்றன. மச்சம் இல்லாமல் அந்தப் பத்து நாளைக் கடக்கலாம், அதை நான் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் முருங்கையிலைக் கஞ்சி, பூசணி, பருப்பு, பப்பாசி, தேங்காய்ப்பால் சேர்த்த பாற்கஞ்சி இவற்றை அம்மாள் விலக்கவில்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், பல பிள்ளைகளின் கண்ணும் உடம்பும் தப்பும். தண்ணீர் வார்த்த பின்னரும் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு நேரச் சாப்பாடு கூடுதலாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வெளியே தெரியாத இன்னொரு சேதமும் உண்டு. நம் வயல் வட்டைகளில் யானைக்காவலுக்குப் பரண் கட்டி, எந்தப் பக்கமாக யானை இறங்கும் என்று அறிந்த காவற்காரரை இருத்துவோம் அல்லவா? பிள்ளையின் உடலிலும் முன்பு வந்த கிருமிகளை நினைவில் வைத்துக் காவல் காக்கின்ற அணுக்கள் இருக்கின்றன. சின்னமுத்து வைரசு தேடித் தேடி அழிப்பது அந்தக் காவற்காரரைத்தான். ஊசி போடாத பிள்ளைகளைச் சின்னமுத்து வருமுன்னும் வந்த பின்னும் பரிசோதித்து 2019ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், அவர்களது உடலில் கிருமிகளை எதிர்க்கின்ற பிறபொருளெதிரிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்துபோயிருந்தமை காணப்பட்டது. முத்து இறங்கி மாதங்கள் கடந்த பிறகும், ஏன், ஓரிரு ஆண்டுகள் வரையும், பிள்ளைக்குச் சளியும் வயிற்றோட்டமும் மாறி மாறி வருவதற்குக் காரணம் இது. “அம்மாள் வந்துபோன பிறகு பிள்ளை தேறவே இல்லை மிஸ்ஸி” என்று தாய்மார் என்னிடம் சொன்னபோது எனக்கு விளக்கம் தெரியாது. அவர்கள் சொன்னது சரி என்பதை ஓய்வுபெற்ற பிறகே வாசித்து அறிந்தேன்.

எல்லாவற்றிலும் கொடியதை நான் ஒருமுறைதான் கண்டேன். அந்தப் பரவலின்போது எட்டு மாதக் குழந்தையொன்றுக்குச் சின்னமுத்து வந்து, எந்தச் சிக்கலும் இல்லாமல் மாறியது. ஊசிக்கு ஒரு மாதமே இருந்தது. என் பதிவேட்டில் என் கையெழுத்திலேயே “குணமடைந்தாள்” என்று எழுதியிருந்தேன். அந்தப் பிள்ளை மூன்றாம் ஆண்டு படிக்கும்போது எழுத்துக் கோணத் தொடங்கியது. பென்சில் கையிலிருந்து விழும். நடந்துகொண்டிருக்கும்போது தலை சட்டெனத் தொங்கி நிமிரும். கவனயீனம் என்று பள்ளிக்கூடத்தில் தண்டித்தார்கள், கண்ணூறு என்று வீட்டில் பார்வை பார்த்தார்கள், நேர்த்தி வைத்தார்கள். சில மாதங்களில் எழுந்து நிற்க முடியாமற்போனது. கொழும்பில் மூளை அலையையும் முள்ளந்தண்டு நீரையும் பரிசோதித்துத்தான் பெயர் சொன்னார்கள்: எஸ்.எஸ்.பி.ஈ. சின்னமுத்து வைரசு மூளைக்குள் ஏழு, எட்டு, பத்து ஆண்டுகள் ஒளிந்திருந்து பின்னர் அதைச் சிறிது சிறிதாக அழிக்கின்ற நோய். மாற்றும் மருந்து இல்லை. ஒன்றரை ஆண்டு பாயில் கிடந்து அந்தப் பிள்ளை இறந்தது. இது அரிதான நோய்தான். ஆனால் இரண்டு வயதுக்கு முன் சின்னமுத்து வந்த பிள்ளைகளுக்கே இதன் ஆபத்து அதிகம். ஊசி பரவலாகப் போடப்பட்ட நாடுகளில் இது கண்ணிற் படாத அளவுக்குக் குறைந்துவிட்டது. நான் எழுதிய “குணமடைந்தாள்” என்ற சொல்லை அந்தத் தாயிடம் எப்படி விளக்குவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எட்டு மாதக் குழந்தைக்கு ஊசி இல்லை. அதைச் சூழவுள்ள பிள்ளைகள் ஊசி போட்டிருந்தால்தான் அதற்குக் காவல். நம் நாட்டில் சின்னமுத்துத் தடுப்பூசி 1984இல் தொடங்கியது. அந்தப் பெரிய பரவலின் பின் 2001இல் மூன்று வயதில் இரண்டாவது ஊசியும் சேர்க்கப்பட்டது. 2011இல் கூவைக்கட்டு, ஜேர்மன் சின்னமுத்து ஆகியவற்றையும் சேர்த்துத் தடுக்கின்ற எம்.எம்.ஆர். ஊசி வந்தபோது முதல் ஊசி ஒரு வயதுக்குத் தள்ளப்பட்டது. அதற்குப் பின் வந்த 2013, 2014 பரவலில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பெருமளவில் பாதிக்கப்பட்டதனால், 2015 முதல் மீண்டும் ஒன்பதாம் மாதத்துக்கே கொண்டுவரப்பட்டது. 2019 ஜூலையில் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை அறிவித்தது. நாங்கள் கண்ணீர் விட்டு மகிழ்ந்தோம். நான்கு ஆண்டுகள் கழிந்து 2023இல் அது திரும்பி வந்துவிட்டது. 2024 ஜனவரி 6ஆம் திகதி, ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போடுவதற்காகத் தெரிவு செய்யப்பட்ட ஒன்பது பகுதிகளுள் நம் கல்முனைப் பிராந்தியமும் ஒன்று. ஆகவே இதைத் தெற்கில் எங்கோ உள்ள விடயமாக நாம் எண்ண முடியாது.

ஊசி போடாமல் விடுபடும் பிள்ளைகள் நம் ஊர்களில் அதிகம் இல்லை. இந்த மாவட்டங்களின் தாய்மார் கிளினிக் நாளைப் பெரும்பாலும் தவறவிடுவதில்லை. விடுபடுவோர் மத்திய கிழக்குக்குத் தாய் போய்விட்ட வீட்டுப் பிள்ளைகள், வாடிகளில் தங்கித் தொழில் செய்வோரின் பிள்ளைகள், முதல் ஊசி போட்டாயிற்று என்று மூன்றாம் வயது ஊசியை மறந்த பிள்ளைகள். சடங்கு தொடங்கிவிட்டால் பிள்ளைக்கு ஊசி குத்தக் கூடாது என்று நம்பி ஒரு மாதம் தள்ளிப்போடுகின்றவர்களும் இருந்தார்கள். கைத்தொலைபேசியில் வரும் கதைகளை நம்பி, இந்த ஊசியால் ஓட்டிசம் வரும் என்று பயப்படுகின்ற படித்த பெற்றோரும் இப்போது சேர்ந்திருக்கிறார்கள். அந்தக் கதையின் மூலம் 1998இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு கட்டுரை. அது பிழையானது என்று 2010இல் அதை வெளியிட்ட சஞ்சிகையே மீளப் பெற்றுக்கொண்டது. சின்னமுத்து ஊருக்குள் நிற்காமல் இருக்க நூற்றில் 95 பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருக்க வேண்டும். ஓர் ஊரில் பத்துப் பிள்ளைகள் விடுபட்டாலும் அவர்கள் ஒரே குடியில், ஒரே ஒழுங்கையில் இருந்தால் போதும், அது பற்றிக்கொள்ளும்.

குளிர்த்தி இரவை எண்ணிப் பாருங்கள். வைகாசிக் கச்சான் ஓய்ந்த புழுக்கத்தில், தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், மகிழூர், வந்தாறுமூலை என்று ஒவ்வோர் ஆலய வீதியிலும் ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். தாய்மாரின் இடுப்பில் பிள்ளைகள் உறங்கும். சின்னமுத்து வந்தவர் முத்து வெளிப்படுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்னரே பிறருக்குத் தொற்றத் தொடங்குகிறார். முத்துக் கண்ட பின்னரும் நான்கு நாள் தொற்றும். அவர் இருமிச் சென்ற மூடிய இடத்தில் இரண்டு மணித்தியாலம் வரை வைரசு காற்றில் மிதக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாதோர் பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். காய்ச்சலும் இருமலும் உள்ள பிள்ளையை, அம்மாள் குளிர்விப்பாள் என்ற நம்பிக்கையோடு அன்றிரவு மண்டபத்துக்குள் கொண்டுவருகின்ற தாய், இன்னொரு தாயின் எட்டு மாதக் குழந்தைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். அவளைத் தடுக்கும் அதிகாரம் வேறு யாருக்கும் இல்லை. பிள்ளைக்கு வந்த நோய் மாறியபின் நேர்த்தியைக் கொண்டுவந்து செலுத்தலாம், அதுவரை வீட்டிலிருந்தே கும்பிட்டால் அம்மாள் ஏற்றுக்கொள்வாள் என்று நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள்.

இனி என் வேண்டுகோளைத் திட்டமாகச் சொல்கிறேன். கதவு திறக்கும் நாளிலும் குளிர்த்தி நாளிலும் ஒலிபெருக்கியில் ஓர் அறிவித்தலை நீங்களே, உங்கள் குரலில், வாசிக்க வேண்டும். அதை இப்படி எழுதியிருக்கிறேன். சொற்களை உங்கள் மரபுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

“முத்துப் போட்ட பிள்ளைக்கு மூச்சு வாங்கினால், விலா இழுத்தால், வலிப்பு வந்தால், பால் குடிக்க மறுத்தால், கண்ணில் வெள்ளை படர்ந்தால், முத்து இறங்கிய பிறகும் காய்ச்சல் நின்றால், எத்தனையாம் தண்ணீர் என்று பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அதனால் அம்மாளுக்குக் குறை இல்லை, கோயிலுக்கும் குறை இல்லை. காய்ச்சலும் இருமலும் உள்ள பிள்ளையைச் சடங்குக்குக் கொண்டுவர வேண்டாம். ஒன்பதாம் மாத ஊசியையும் மூன்றாம் வயது ஊசியையும் சடங்கு நாள் என்று தள்ளிப்போட வேண்டாம்.”

மற்றொன்றையும் கேட்கிறேன். எந்த வீட்டில் வேப்பிலை கட்டினாலும் அந்தச் செய்தி உங்களுக்கு அன்றே தெரிந்துவிடும். அதை அன்றே உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவித்துவிடுங்கள். தொற்று நேர்ந்து 72 மணித்தியாலத்துக்குள், அருகில் இருந்த ஊசி போடாத பிள்ளைக்கு ஊசி ஏற்றினால் நோயைத் தடுக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ முடியும். அந்த மூன்று நாட்களைத்தான் நான் வேலை செய்த காலத்தில் ஒவ்வொரு தடவையும் இழந்தேன். பரிசோதகர் வந்தால் வேப்பிலையை அவிழ்க்கச் சொல்வார் என்று பயந்து மறைக்கின்ற வீடுகள் உண்டு. அப்படி யாரும் சொல்லக் கூடாது என்பதையும், சொன்னால் அது பிழை என்பதையும், என்னோடு வேலை செய்த, இப்போது வேலை செய்கின்ற தங்கைமாருக்கும் தம்பிமாருக்கும் இந்த மடல் வழியாகவே சொல்லிக்கொள்கிறேன். வேப்பிலை படலையில் இருக்கட்டும். நீங்கள் வெளியே நின்று தாயைக் கூப்பிட்டு, பிள்ளையின் மூச்சை எண்ணிப் பாருங்கள்.

உங்களில் யாராவது ஊர்க்கூட்டத்துக்கு என்னை அழைத்தால், எந்தக் கரையாயினும் வருவேன். மூச்சு எண்ணும் விதத்தைத் தாய்மாருக்குக் காட்டிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். கதவு திறப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைக்குள் அழைத்தால் அறிவித்தலை அச்சிட்டும் கொண்டுவந்து தருவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.